அவளுக்கு மட்டும் பழையது

கோபம் வந்தால் அவள் சத்தம் போடமாட்டாள். ஹெட்போனைக் கழற்றுவாள். அதன் ஒயரை நிதானமாகச் சுற்றி மேஜையின் ஓரத்தில் வைப்பாள். அதற்குப் பிறகுதான் வாயைத் திறப்பாள். குடவாசலில் நாங்கள் வேலை பார்த்த அலுவலகத்தில், அவள் ஒயர் சுற்றும் அந்தச் சின்ன இடைவெளிக்கு எல்லாரும் பயப்படுவோம். மேனேஜர்கூட எதையோ தேடுபவர்போல எழுந்துபோய் அலமாரியைத் திறந்துகொள்வார்.

அது ஓர் அறக்கட்டளை நடத்திய விவசாயத் தகவல் மையம். கீழே உரக்கடை, மாடியில் நாங்கள். விவசாயிகள் போன் செய்து சந்தேகம் கேட்பார்கள். எந்த விதை போடலாம், வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும், பயிர் மஞ்சளடிக்கிறதே என்ன மருந்து என்று. போனை எடுத்துப் பதில் சொல்கிறவள் அவள். பிறவியிலேயே பார்வை கிடையாது. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஒரு சாப்ட்வேர் அவள் ஹெட்போனுக்குள் பேசிக்கொண்டே இருக்கும். மறுமுனையில் பேசுகிறவர்களுக்கு அது தெரியாது. தெரியவேண்டியதில்லை என்பது அவள் கட்சி.

நான் பக்கத்து மேஜை. மையத்தின் மாத இதழைத் தயாரிக்கிற வேலை. அவள் என்னைவிடச் சில வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். எங்களைத் தவிர மேனேஜர், கணக்கு பார்த்துக்கொண்டு தமிழ்க் கடிதங்களும் டைப் அடிக்கிற ஓர் அண்ணன். மொத்தம் அவ்வளவுதான் ஆட்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த வருஷம் ஐப்பசி மழை விடாமல் கொட்டியது. ரோட்டில் தண்ணீர் நின்றது. மேனேஜர் அவளை மட்டும் கூப்பிட்டு, "மழை விடற வரைக்கும் நீ வரவேணாம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். மறுநாள் நன்னிலம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து, தெப்பலாக நனைந்து, எங்கள் எல்லாருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் பதறிப்போனார். அவள் சொன்னாள்:

"பஸ் ஸ்டாண்டுலேருந்து இங்க வர்றதுக்குள்ள ரெண்டு எடத்துல பள்ளம் சார். நாளைக்கு யாராவது வந்து கையப் புடிங்க. வேலையப் புடுங்காதீங்க."

மறுநாளிலிருந்து மழை விடும்வரை நான்தான் போய்க் கையைப் பிடித்து அழைத்து வந்தேன். அதில் அவளுக்கு ஒரு கூச்சமும் கிடையாது. குடை பிடிக்கத் தெரியவில்லை என்று என்னைத் திட்டிக்கொண்டே வருவாள்.

இன்னொன்று, ஆயுத பூஜை. ஆளுக்கொரு வேலை பிரித்தபோது அவள் பெயரை விட்டுவிட்டார்கள். அவளாகவே கீபோர்டுகளைத் துடைக்கும் வேலையை எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு கட்டையாகக் கழற்றித் துடைத்து, வரிசை மாறாமல் திரும்பப் பொருத்தினாள். அண்ணனுடைய கீபோர்டில் மட்டும் இரண்டு கட்டை இடம் மாறிவிட்டன. அண்ணன் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் அவரே மாற்றிப் போட்டுக்கொண்டார். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் டீ குடிக்கும்போது பேச்சோடு பேச்சாக அது வெளியே வந்துவிட்டது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "தப்பாப் போட்டிருந்தா சொல்றதுக்கு என்னண்ணே? வேற யாராவது போட்டிருந்தா சும்மா இருந்திருப்பீங்களா?" என்றாள். அண்ணன் பாவம், "மனசு நோகுமேன்னுதான்" என்றார். "இப்பதான் நோகுது" என்றாள். அன்று முழுக்க எங்களில் யாரோடும் அவள் பேசவில்லை. போனில் வந்த விவசாயிகளோடு மட்டும் வழக்கத்தைவிடக் கனிவாகப் பேசினாள்.

அவளோடு பழகுவது எளிதல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். நல்ல மனசோடு செய்கிற காரியத்தில்கூட எங்கே முள் இருக்கும் என்று நமக்குத் தெரியாது.

ஆனால் சிரிக்கவும் வைப்பாள். மையத்தில் இருந்த பயிர் நோய்க் குறிப்புகள் எல்லாம் அண்ணன் பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவை. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். கம்ப்யூட்டருக்கோ அது வெறும் ஆங்கில எழுத்தும் குறிகளும்தான். படிக்கச் சொன்னால் 'எஃப், செமிகோலன், டபிள்யூ' என்று உளறும். அதனால் நான் வாசிக்க வாசிக்க, தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து வைத்துக்கொண்டாள். அதை ஒரு வெள்ளைக்காரக் குரல் அவளுக்குப் படித்துக் காட்டும். ஒரு நாள் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். குருத்துப்பூச்சியை அந்த ஆள் 'கூரூட்டு பூச்சி' என்று கடித்துத் துப்பினார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சிரிக்காதீங்கக்கா. இந்தத் தொரைய நம்பித்தான் நன்னிலம் தாலுகா பூரா மருந்தடிக்குது."

இப்படி நாங்கள் இருக்கும்போதுதான் தஞ்சாவூரில் இருந்த எங்கள் தலைமை அலுவலகத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். கம்ப்யூட்டர்களில் ஓடுகிற பழைய விண்டோஸை எடுத்துவிட்டுப் புது விண்டோஸ் போடவேண்டும். பழையதற்கு இனிமேல் பாதுகாப்பு வராது. விவசாயிகளின் அழைப்புகளும் இனி ஒரு புது மென்பொருள் வழியாகத்தான் வரும், அது பழையதில் ஓடாது. மாறுவதில் சிரமம் இருந்தால் காரணத்தைச் சொல்லலாம் என்றும் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தார்கள். அந்த வாசல்தான் எங்களைக் குழப்பியது. போடலாமா வேண்டாமா என்று நாங்கள் பேசி முடிப்பதற்குள் சம்பா நடவே முடிந்துவிட்டது.

"இப்ப இருக்கறதுக்கு என்ன கொறைச்சல்? ஓடற மாட்ட எதுக்குப் புடிச்சு நிறுத்தணும்?" என்றார் அண்ணன். புதியதில் அவருடைய எழுத்துரு வேலை செய்யாது என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியவர். விரல்கள் பழகிய இடம் ஒரே நாளில் செல்லாமல் போவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என் கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறப்பதற்குள் நான் கீழே போய் டீ குடித்துவிட்டு வரலாம். அதனால் நான் மாற்றலாம் என்றேன். மேனேஜர் இரண்டு பக்கமும் தலையாட்டினார். அவள் மட்டும் "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள்.

மதியம் சாப்பிடும்போது என்னிடம் சொன்னாள். தஞ்சாவூரில் இருக்கும் சிநேகிதியிடம் ஏற்கெனவே விசாரித்துவிட்டிருந்தாள். அவளுக்குப் படித்துக் காட்டும் பழைய சாப்ட்வேர் புதியதில் ஓடாது. வேறொன்று இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் அதன் குரல் வேறு, அமுக்கவேண்டிய கட்டைகள் வேறு, எல்லாமே வேறு.

"நீங்க வேலைக்கு வந்திருக்கறப்ப யாரோ வந்து உங்க அடுப்படிய மாத்தி வச்சுட்டுப் போயிட்டா எப்படி இருக்கும்க்கா? நீங்களாவது கண்ணால தேடுவீங்க. நான் கைய வச்சுத் துழாவணும். அதுவும் போன்ல ஒருத்தரக் காக்க வச்சுக்கிட்டு."

"அப்ப வேணாம்னு சொல்லிடேன்."

சோற்றைப் பிசைந்துகொண்டே, "தமிழ்ல படிக்கும்ங்கறாங்களேக்கா" என்றாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, மேனேஜர் ஜன்னலோரம் நின்று தலைமை அலுவலகத்தோடு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார். "நம்ம பொண்ணு ஒண்ணுக்குக் கண்ணு தெரியாது சார், அதுக்கு ரொம்பக் கஷ்டமாப் போயிடும். அதனால எங்க ஆபீசை மட்டும் இப்படியே விட்டுடலாமான்னு..." என்றார். தாழ்ந்த குரல் எங்களுக்குத்தான் தாழ்ந்த குரல். அவள் ஒயரைச் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

"சார், போன வச்சுட்டீங்களா?"

"வச்சுட்டேம்மா. உனக்காகத்தான் பேசுனேன். அண்ணன்தான் இந்த யோசனையச் சொன்னாரு."

"எனக்குக் கஷ்டம்தான் சார். இல்லங்கல. ஆனா அண்ணனுக்கு டைப்பு மறந்துடுமோன்னு பயம். உங்களுக்கு ஆளக் கூப்புட்டு மாத்தற அலைச்சல். அதையெல்லாம் கொண்டாந்து என் கண்ணுல வைக்காதீங்க."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். மேனேஜர் நல்ல மனிதர். உடனே இறங்கி வந்தார். "சரி, மத்த மெஷினையெல்லாம் மாத்திடுவோம். உனக்கு மட்டும் பழசே இருக்கட்டும். சரிதான?"

"பழசுல போன் வராதுன்னு சொல்லியிருக்காங்கள்ல சார்?"

"ஆமா."

"அப்ப போன யாரு எடுப்பா?"

மேனேஜர் அலமாரிப் பக்கம் திரும்பினார். அவர் அதை யோசித்திருக்கவே மாட்டார். அவளுக்கு மேஜை இருக்கும், சம்பளம் இருக்கும், அவளுக்குப் பழகிய அந்தக் கம்ப்யூட்டரும் இருக்கும். அதற்குள் வேலை மட்டும் இருக்காது. ஒரு நாளும் யாரும் அவளை ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்கே அப்போதுதான் அது உறைத்தது.

"மொதல்ல என் மெஷின்ல போடுங்க சார்" என்றாள்.

கும்பகோணத்திலிருந்து ஓர் ஆள் வந்து போட்டுக் கொடுத்தார். அவர் போனபிறகு புதுக் குரல் பேச ஆரம்பித்தது. பெண் குரல், ஏற்ற இறக்கமே இல்லாத தமிழ். அவள் கையைக் கட்டைகள்மேல் வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். "தொர போயிட்டாருக்கா. காதுக்குள்ள யாரோ வீடு காலி பண்ணிட்டுப் போன மாதிரி இருக்கு" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

அந்த மாதம் அவளுக்கு நரகம். ஆங்கில எழுத்தில் அவள் அடித்து வைத்த குறிப்புகளைப் புதுக் குரல் வேறு மாதிரி உச்சரித்தது. கேள்வி முடிவதற்குள் பதில் வைத்திருந்தவள், இப்போது எங்கே போனோம் என்று தெரியாமல் நடுவில் நின்றாள். சில சமயம் குரல் நின்றுவிடும். எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று கண்டுபிடிக்க முதலிலிருந்து வரவேண்டும். "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்று மறுமுனையில் கத்துவார்கள். உதவட்டுமா என்று நான் எழுந்தால், நாற்காலிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு கையை உயர்த்தி நிறுத்திவிடுவாள்.

அப்படி ஒரு காலை நேரத்தில்தான் அந்த அழைப்பு வந்தது. குடவாசலுக்குக் கிழக்கே ஒரு கிராமத்து விவசாயி. பயிர் மஞ்சளாகத் தெரிகிறது என்றார். மஞ்சளுக்குப் பல காரணம் உண்டு. தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம், புகையானாகவும் இருக்கலாம். புகையான் என்பது பயிரின் அடித்தூரில் கூட்டமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சும் பூச்சி. மேலே நின்று பார்த்தால் தெரியாது, பயிரை விலக்கித் தூரில்தான் பார்க்கவேண்டும். அவள் எப்போதும் முதலில் கேட்கிற கேள்வியே "தூர்ல பாத்தீங்களா?" என்பதுதான். அன்றைக்குக் குரல் நின்றுபோய், அந்த மனிதர் காத்துக்கொண்டிருக்கிறாரே என்ற கூச்சத்தில், கையில் கிடைத்த பக்கத்தைப் படித்து, யூரியா போடச் சொல்லிவிட்டாள். புகையான் விழுந்த வயலில் யூரியா போடுவது எரிகிற கூரைமேல் வைக்கோல் போடுவதுபோல.

சில நாள் கழித்து அவர் வந்தார். மாடிப்படி ஏறும்போதே திட்டிக்கொண்டு வந்தார். "எவ அவ, போன்ல யூரியா போடச் சொன்னவ" என்று ஆரம்பித்து, இங்கே எழுத முடியாததெல்லாம் சொன்னார். உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார். அவளுடைய கண்களைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே மாறிவிட்டது.

"நீயாம்மா அது? எனக்குத் தெரியாமப் போச்சு தாயி. போவட்டும் விடு. உன்னச் சொல்லி என்ன ஆவப்போவுது."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். ஒயரைச் சுற்றவில்லை. எழுந்து நின்றாள்.

"படியேறும்போது என்ன சொல்லிக்கிட்டு வந்தீங்கய்யா?"

"அது கோவத்துல..."

"அதையே இங்க சொல்லுங்க. தூர்ல பாத்தீங்களான்னு நான் கேட்டிருக்கணும். கேக்கல. கண்ணு இருக்கறவங்களும் போன்ல வாயாலதான் கேக்கணும். இது என் வாய் பண்ணுன தப்பு."

அவர் மேனேஜரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். யாரும் உதவிக்கு வரவில்லை. கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்:

"பாதி வயலு போச்சும்மா. வட்டவட்டமாக் கருகிக் கெடக்கு. பாக்கவே முடியல."

"ஆமாங்கய்யா" என்றாள் அவள். அவர் ஊருக்கு எந்தப் பஸ் என்று கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் மேனேஜரிடம் சொல்லிவிட்டு நானும் அவளும் அந்த ஊருக்குப் போனோம். வரப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கருகாமல் மிச்சம் நின்ற பகுதியில் அவர் தண்ணீரை வடித்துவிட்டிருந்தார். அவள் வரப்பில் குந்தி, பயிரை விலக்கித் தூரில் கையை வைத்தாள். பொடிப்பொடியாகப் பூச்சிகள் அவள் புறங்கையில் தாவி ஏறின. கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள்.

"இதுதானாக்கா?"

எத்தனையோ பேருக்கு அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். தொட்டது அன்றைக்குத்தான். என்ன மருந்து, எந்த அளவு, தூரில் படும்படி எப்படி அடிப்பது என்று அந்த விவசாயிக்கு நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவரும் இப்போது இரக்கம் காட்டவில்லை. குறுக்குக் கேள்வி கேட்டார், சந்தேகப்பட்டார், இரண்டாவது தடவை சொல்லச் சொன்னார். மிச்ச வயல் தேறியது. போன பாதி போனதுதான்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவள் புறங்கையைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பிறகு, "பழசுக்கே போயிடலாமான்னு நெனைக்கறேன்க்கா" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை அதுவரை நான் கேட்டதில்லை.

"போயேன். யாரு என்ன சொல்லப்போறா?"

"யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க. அதான் பயமா இருக்கு."

அந்தப் பஸ்ஸில் அவளுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் வந்து புது விண்டோஸ் முன்னால்தான் உட்கார்ந்தாள். முதல் அழைப்பு வந்தது. குரல் எங்கோ நின்றுவிட்டது போலிருக்கிறது. அவள் போனில் சொன்னாள்:

"கொஞ்சம் இருங்கண்ணே. எனக்குக் கண்ணு தெரியாது. கம்ப்யூட்டரு படிச்சுக் காட்டணும். கேட்டுட்டுச் சரியாச் சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க."

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷம் எந்த விவசாயிக்கும் தெரியக்கூடாது என்று காப்பாற்றி வைத்திருந்ததை, பக்கத்து வீட்டில் தீப்பெட்டி கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொல்லிவிட்டாள். சிலர் பொறுத்திருந்தார்கள். சிலர், "பக்கத்துல வேற யாராவது இருந்தா குடும்மா" என்றார்கள். அப்படிச் சொன்னவர்களிடமும், "நான்தாங்க இதுக்கு. ஒரு நிமிஷம் இருங்க" என்பாள். ஒருவர் கோபித்துக்கொண்டு போனை வைத்தார். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

அண்ணன் மனசு சரியில்லாமல்தான் இருந்தார். தன் யோசனையால்தான் அவள் முதல் ஆளாக மாறவேண்டி வந்தது என்று நினைத்தாரோ என்னவோ. அவர் கம்ப்யூட்டரிலும் மாற்றிய பிறகு, பழைய தட்டச்சு முறையே புதியதிலும் உண்டு, எழுத்துருதான் வேறு என்று தெரியவந்தது. "இதத்தான் மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்று போட்டுக் கொடுத்த ஆளிடம் கடிந்துகொண்டார். பிறகு யாரும் கேட்காமலே பழைய குறிப்புகளை எல்லாம், அவள் கம்ப்யூட்டருக்கும் படிக்கத் தெரிந்த புது எழுத்துக்கு மாற்ற ஆரம்பித்தார். மாற்றும்போது கொம்பும் காலும் தாறுமாறாக உதிர்ந்தன. ஒவ்வொன்றையும் உட்கார்ந்து திருத்தினார்.

ஒரு நாள் மத்தியானம் அவள் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைத் திறந்தாள். அந்த ஏற்ற இறக்கமில்லாத குரல் புகையான் குறிப்பைத் தமிழில், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தது. நாங்கள் எல்லாரும் கேட்டோம். முடிந்ததும் அவள் சொன்னாள்:

"அண்ணே, 'தண்ணீரை வடிகட்டவும்'னு அடிச்சிருக்கீங்க. காப்பியா போடப் போறாங்க? 'வடிக்கவும்'."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். எத்தனையோ தடவை அந்தக் குறிப்பை அவளுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். என் வாய் தானாகவே திருத்தி வாசித்திருக்கிறது போலும். அண்ணன் திருத்திவிட்டு, "இதை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று முறைத்தார். "முன்னாடி நான் இதப் படிச்சதே இல்லயேண்ணே" என்றாள். அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு அடுத்த குறிப்பைத் திறந்து, "இதுலயும் தப்பு இருக்கான்னு பாரு" என்றார்.

அதற்குப் பிறகு நான் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனேன். அவள் தஞ்சாவூர் தலைமை அலுவலகத்துக்குப் போய், இப்போது குறிப்புகள் எழுதும் பிரிவில் இருக்கிறாள். எப்போதாவது போனில் பேசுவோம். சமீபத்தில் கூப்பிட்டபோது, குரலில் ஒரு சூடு இருந்தது.

"என்ன சண்டை?" என்றேன்.

"அதுக்கும் அடுத்த விண்டோஸ் வந்திருக்காம்க்கா. இப்ப இருக்கற மெஷின்ல அது ஏறாதாம். அதனால எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கணுமாம். மீட்டிங் போட்டாங்க. நான் வேணாம்னு சொன்னேன். அரை மணி நேரம் பேசுனேன்."

"உனக்குச் செரமமா இருக்குமா?"

"எனக்கென்ன செரமம்? சிநேகிதி வீட்டுல உக்காந்து பாத்துட்டேன், நல்லாத்தான் படிக்குது. நல்லா இருக்கற மெஷின எதுக்குக் குப்பையில போடணும்? அதான் என் பேச்சு."

"அப்புறம் என்னாச்சு?"

"கைதூக்கச் சொன்னாங்க. எம்பக்கம் நானும் வாட்ச்மேன் அண்ணனும்தான். தோத்துட்டேன்."

அவள் தோற்றால் எப்படி இருப்பாள் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு யாரோடும் பேசமாட்டாள். ஏதாவது ஆறுதல் சொல்லலாமா என்று வார்த்தை தேடினேன். அதற்குள் மறுமுனையில் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

"ஒருத்தர்கூட எனக்காகப் பாவம் பாத்துக் கை தூக்கலக்கா" என்றாள்.